வலது பெட்டிக்கு ராஜயோகம்

நவநீதனுக்கு வயது ஐம்பத்து மூன்று. ஜங்ஷன் பக்கம் ஒரு காப்பீட்டு அலுவலகத்தில் மேல்நிலை எழுத்தர். வீடு, திருவானைக்காவலிலிருந்து ஸ்ரீரங்கம் போகிற வழியில், ரயில் தண்டவாளத்துக்கு ஒரு தெரு தள்ளி. மனைவி ஒன்று, ஸ்கூட்டர் ஒன்று, சர்க்கரை கொஞ்சம். இதெல்லாம் ரேஷன் கார்டுக்கும் ஆஸ்பத்திரிச் சீட்டுக்கும் வேண்டிய விவரங்கள். வரலாறு கேட்கப்போகிற விவரம் வேறு. நவநீதன் ஸ்பீக்கருக்குப் பெட்டி செய்கிறவர்.

தொழிலாகச் செய்கிறவர் என்று யாரும் தப்பாக நினைத்துவிடக் கூடாது. தொழிலாகச் செய்தால் ஒருநாள் செய்து முடிக்க வேண்டியிருக்கும். இவருடையது பொழுதுபோக்கு. ஸ்பீக்கரில் பாடுவது உள்ளே இருக்கிற அந்தக் கறுப்புக் கூம்பு என்று நாமெல்லாம் எண்ணிக்கொண்டிருக்கிறோம். நவநீதனிடம் சொன்னால் சிரிப்பார். கூம்பு வெறும் தொண்டையாம். பாடுவது பெட்டியாம். பலகை என்ன கனம், உள்ளே எத்தனை லிட்டர் காற்று, முன்பக்கத்து ஓட்டை எத்தனை ஆழம் என்பதில்தான் சங்கீதம் இருக்கிறதாம். கூம்பைக் கடையில் வாங்கிக்கொள்ளலாம். பெட்டியை மனிதன் தானே செய்துகொள்ள வேண்டும். இதை அவர் சொல்லும்போது குரல் கொஞ்சம் தழுதழுக்கும்.

ஆறு வருஷத்தில் பதினோரு ஜோடி செய்திருந்தார். ஒவ்வொன்றும் இரண்டு கைக்குள் அடங்குகிற சின்னப் பெட்டி. முதல் ஜோடி சமையலறையில் இருக்கிறது. முன்பக்கம் வட்ட ஓட்டை, பின்பக்கம் சின்ன ஓட்டை, காற்று நன்றாக வந்து போகிறது; சின்ன வெங்காயம் இரண்டு மாதம் ஆனாலும் அழுகுவதில்லை. மூன்றாவது ஜோடியைக் கூரியர் கொண்டுவந்த பையன் பார்த்துவிட்டு, "எந்தக் கோயிலுக்கு சார் உண்டியல்?" என்று பயபக்தியோடு கேட்டான். ஏழாவது ஜோடியில் பசை சரியாக ஒட்டவில்லை. பாட்டுப் போட்டால் பெட்டியும் கூடவே பாடியது, வேறு ராகத்தில்.

ஒவ்வொரு ஜோடியும் கடைசி ஜோடி. அப்படித்தான் அவர் இளவேனிலிடம் சொல்லியிருக்கிறார்.

இளவேனில் அவருடைய மனைவி. ஆரி வேலை செய்கிறவர். கல்யாணப் பெண்ணின் ஜாக்கெட்டில் கொக்கி ஊசியால் ஜரிகையும் மணியும் கல்லுமாகக் கோக்கிற வேலை. துணியை மரச் சட்டத்தில் இழுத்துக் கட்டி, முன்னால் உட்கார்ந்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு செய்ய வேண்டும். ஆறு பெண்கள் அவரிடம் கற்றுக்கொள்ளவும் வருகிறார்கள். ஆறு பேர், ஆறு சட்டம். எல்லாம் கூடத்தில், டிவிக்கும் சாப்பாட்டு மேசைக்கும் நடுவில். சோறு சாப்பிடப் போகிறவர் நூல் தாண்டித்தான் போக வேண்டும்.

பின்னால் பத்துக்குப் பன்னிரண்டில் ஒரு அறை இருந்தது. வடக்குப் பார்த்த ஜன்னல், நல்ல வெளிச்சம். நூல் நிறம் பார்க்க அதைவிடத் தோதான இடம் அந்தத் தெருவிலேயே இல்லை. அந்த அறையில்தான் நவநீதன் பலகை அறுத்துக்கொண்டிருந்தார்.

பிரச்சினை வைகாசியில் வெடித்தது. ரோஜா நிறப் பட்டு ஜாக்கெட். முதுகு முழுக்க மயில். கல் ஒட்டுவதற்காக இளவேனில் பசை தடவி வைத்துவிட்டு, கொதிக்கிற சாம்பாரை இறக்கப் போனார். அந்த நேரம் பார்த்து நவநீதன் உள்ளே உப்புத்தாள் தேய்த்துக்கொண்டிருந்தார். மின்விசிறி தன் கடமையைச் செய்தது. திரும்பி வந்து பார்த்தால் மயிலின் மேல் மெல்லிய மரத்தூள், ஒட்டிக் காய்ந்து, பொன்னிறமாக இருக்கிறது.

பெண்ணின் அம்மா மாலையில் வந்து பார்த்தார். "இது என்னங்க, புது டிசைனா? சந்தனம் பூசின மாதிரி நல்லாத்தான் இருக்கு," என்றார்.

இளவேனில் ஆமாம் என்று சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. அந்த அம்மாள் படியிறங்கிப் போனதும் பின்னறைக்கு வந்தார்.

"என்னங்க."

நவநீதன் இயந்திரத்தை நிறுத்தினார். அந்த 'என்னங்க' எந்த வகை என்று இருபத்தாறு வருஷத்தில் அவருக்குத் தெரியும்.

"இந்த ஜோடி கடைசியா?"

"கடைசிதான்."

"போன தடவையும் இதைத்தான் சொன்னீங்க."

"போன தடவை லிட்டர் தப்பாப்போச்சு."

"லிட்டரோ, படியோ எனக்குத் தெரியாது. ஆவணி பிறந்தா முகூர்த்தம் வரிசையா இருக்கு. இருபது ஜாக்கெட் ஒத்துக்கிட்டிருக்கேன். இப்ப ஒரு பேச்சுப் பேசிக்குவோம். ஆடி முடியறதுக்குள்ள இந்த ஜோடியை முடிங்க. நீங்க முடிஞ்சுதுன்னு சொன்னா நான் நம்ப மாட்டேன். உங்க வாட்ஸப் குரூப்பு ஆளுங்க வரட்டும், கேக்கட்டும். நாலு பேர் என் முன்னாடி 'முடிஞ்சிருச்சு'ன்னு சொல்லணும். சொல்லிட்டா இந்த ரூம் காலத்துக்கும் உங்களுது. நான் ஹால்லயே கெடக்கேன். சொல்லலைன்னா ஆவணி ஒண்ணாம் தேதி என் சட்டமெல்லாம் உள்ள வரும், உங்க ரம்பம் வெளிய போகும். சரியா?"

"சரி," என்றார் நவநீதன். பத்து வாரம் இருக்கிறது. முடித்துவிடலாம் என்று எல்லா ஜோடியின் தொடக்கத்திலும் நம்பியதைப் போலவே இப்போதும் நம்பினார்.

பன்னிரண்டாவது ஜோடிக்குக் கணக்கு, கம்ப்யூட்டரில் போட்டது. கூம்பின் விவரத்தைக் கொடுத்தால் பெட்டியின் அளவைச் சொல்கிற ஒரு மென்பொருள் இருக்கிறது. மூன்று ராத்திரி அதோடு மல்லுக்கட்டி, உள்ளளவு உயரம் பதிமூன்று அங்குலம், அகலம் ஏழு, ஆழம் ஒன்பது என்று வாங்கினார். பதிமூன்றரை லிட்டர் சுமார். பாலக்கரையில் பலகைக் கடைக்காரர் அறுத்துத் தரட்டுமா என்று கேட்டதற்கு, தாய்ப்பாலுக்குப் பதிலாகப் பவுடர் கரைக்கட்டுமா என்று கேட்டதைப் போல முகத்தைச் சுளித்துவிட்டு, முழுப் பலகையையும் ஆட்டோவின் கூரையில் கட்டிக்கொண்டு வந்தார்.

இடது பெட்டி இரண்டு வாரத்தில் முடிந்தது. அவர் கையில் அப்படி ஒரு மூலை அதுவரை பொருந்தியதில்லை. உள்ளே சத்தத்தை அடக்குவதற்கு இலவம்பஞ்சு அடைத்தார். பஞ்சு எங்கிருந்து வந்தது என்பது, அடுத்த தடவை மாமியார் வந்து தலையணையில் தலைவைக்கும்போது தெரியவரும்.

அன்று சாயங்காலமே உளி நழுவிக் கட்டைவிரலில் மூன்று தையல். மறுநாள் மிக்ஸி புகைந்தது. அதற்கு மறுநாள் அலுவலகம் போகிற வழியில் காவிரிப் பாலத்தின் நட்டநடுவில் ஸ்கூட்டர் பஞ்சர், மழை வேறு.

பக்கத்து வீட்டுப் பிச்சமுத்து மேஸ்திரி கட்டுப்போட்ட விரலை விசாரிக்க வந்தார். நாற்பது வருஷம் வீடு கட்டியவர். இப்போது கட்டுவதில்லை, மற்றவர்கள் கட்டுவதைப் பார்த்துக் குறை சொல்வதோடு சரி. இடது பெட்டியை மேலும் கீழும் பார்த்தார்.

"உள்ளளவு என்ன தம்பி?"

நவநீதன் பெருமையாகச் சொன்னார். மேஸ்திரி கண்ணை மூடிக்கொண்டார்.

"ஏழு தரித்திரம். ஒம்போது பீடை. பதிமூணு பகை. மூணையும் ஒரே பொட்டியில எப்படித் தம்பி சேத்தீங்க? தேடினாக்கூட அமையாதே!"

"மேஸ்திரி, அது மனையடி சாஸ்திரம். வீட்டுக்கு. அதுவும் அடிக்கணக்கு. இது அங்குலம்."

"வீட்டுக்கு அடி, பொட்டிக்கு அங்குலம். நாளைக்கு எறும்புக்கு ஒரு வீடு கட்டினா மில்லிமீட்டர்ல பாக்கணும். அவ்வளவுதான்."

இங்கே நவநீதனைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். அவர் பகுத்தறிவாளர். அலுவலகத்தில் ராகுகாலம் பார்த்துக் கையெழுத்துப் போடுகிற மேலாளரை டீ நேரத்தில் கிழிகிழியென்று கிழிப்பவர். சொந்த மைத்துனன் வீட்டு வாசல்படியை வாஸ்துக்காக இடித்தபோது, புதுமனை புகுவிழாவுக்கே போகாமல் இருந்தவர். (சாப்பாடு மட்டும் வீட்டுக்கு வந்தது.) அப்படிப்பட்டவர் மேஸ்திரியின் பேச்சைக் கேட்டுச் சிரித்தார். நன்றாகவே சிரித்தார். சிரித்து முடித்து, அவரை வாசல்வரை கொண்டுபோய் விட்டு, கதவைச் சாத்தப் போனவர், பாதிச் சாத்திய கதவின் இடுக்கு வழியே கேட்டார்:

"சும்மா ஒரு பேச்சுக்குக் கேக்கறேன் மேஸ்திரி. எது நல்ல அளவு?"

"எட்டு, நெனச்சது நடக்கும். பத்து, பால் பொங்கும். பதினாறு ராஜயோகம்."

அன்றைக்கு அவர் தூங்கவில்லை. வலது பெட்டிக்குப் பலகை இன்னும் அறுக்கவில்லை. விரலோ விண்விண்ணென்று தெறித்தது. கடைசியில் அவருடைய அறிவு ஒரு சமரசத்துக்கு வந்தது. இடது பெட்டி விஞ்ஞானத்துக்கு, அதில் கைவைப்பதில்லை. வலது பெட்டி குடும்ப க்ஷேமத்துக்கு. பதினாறு, எட்டு, பத்து.

ஆனால் ஜோடி என்றால் பார்வைக்காவது ஒன்றுபோல இருக்க வேண்டுமே. ஆகவே இடது பெட்டியின் மேல், கீழ், பக்கம் என்று எல்லாப் பக்கமும் பலகை மேல் பலகையாக ஒட்டி, வலதின் வெளியளவுக்குக் கொண்டுவந்தார். இரண்டுக்கும் தேக்கு வெனீர் என்கிற ஒரே மெல்லிய மரத்தோலை ஒட்டி மெருகேற்றினார். பக்கத்துப் பக்கத்தில் வைத்தால் பெற்ற தாய்க்கே அடையாளம் தெரியாது. உள்ளே மட்டும் ஒன்றில் பதிமூன்றரை லிட்டர் காற்று, இன்னொன்றில் இருபத்தொரு லிட்டர். காற்று யார் கண்ணுக்குத் தெரியப்போகிறது என்று அவர் தன்னைத் தேற்றிக்கொண்டார். காற்றை வைத்துத்தான் ஆறு வருஷமாகப் பேசிக்கொண்டிருக்கிறோம் என்பது அப்போது அவர் ஞாபகத்துக்கு வரவில்லை.

ஆடிக் கடைசி ஞாயிறு, காலை பத்தரை. 'திருச்சி தூய ஒலி வட்டம்' பின்னறையில் கூடியது. வாட்ஸப்பில் இருநூற்றுப் பதினான்கு பேர் இருக்கிற வட்டம். நேரில் வந்தவர்கள் மூன்று பேர்.

முதலில் ஜோஸ். வட்டத்தின் அட்மின். கல்லூரியில் இயற்பியல் பாடம் நடத்தி ஓய்வு பெற்றவர். எந்தப் பாட்டையும் அரை நிமிஷத்துக்கு மேல் கேட்க மாட்டார். அதற்குள் அவருக்குத் தேவையான குறை கிடைத்துவிடும். அடுத்து உஸாமா, பாலக்கரையில் செல்போன் கடை வைத்திருப்பவர், முப்பது வயது. ஜோஸ் என்ன சொல்வார் என்பதை அவர் முகத்தில் படித்து, அவருக்கு அரை நொடி முன்னால் சொல்கிற திறமை உள்ளவர். மூன்றாவது வீரமலை. மணப்பாறையில் சவுண்ட் சர்வீஸ். திருவிழாவுக்கு ஆளுயரப் பெட்டி அடுக்கி ஊரையே உலுக்கிவிட்டு, ஞாயிற்றுக்கிழமைகளில் மென்மையான ஒலியைத் தேடி அலைகிறவர். வரும்போது முறுக்கு கொண்டுவருவார் என்பதால் வட்டத்தில் அவருக்குத் தனி மரியாதை. நாலாவது ஆளுக்குப் பிச்சமுத்து மேஸ்திரியைப் பிடித்து உட்கார வைத்தாயிற்று.

நவநீதன் முன்கூட்டியே விஷயத்தைச் சொல்லியிருந்தார். நாலு பேர் சொல்ல வேண்டும், சொன்னால்தான் அறை.

"கவலைப்படாதீங்க," என்றார் ஜோஸ். "ஆனா நான் உள்ளதைத்தான் சொல்லுவேன்."

"சார் உள்ளதைத்தான் சொல்லுவாரு," என்றார் உஸாமா.

வீணைக் கச்சேரிப் பதிவு ஒன்றைப் போட்டார் நவநீதன். நாலு பேரும் கண்ணை மூடினார்கள். ரயில் வந்தது. எல்லோரும் கண்ணைத் திறந்து, ரயில் போகும்வரை ஜன்னலை முறைத்துவிட்டு, மறுபடி மூடினார்கள். அரை நிமிஷம் ஆனதும் ஜோஸ் கையைத் தூக்கினார். பாட்டு நின்றது.

"நவநீதன்," என்றார் மெதுவாக. "இது ரெட்டைப் பிள்ளை."

"ரெட்டைப் பிள்ளை சார்," என்றார் உஸாமா.

"ரெண்டுக்கும் நடுவுல ஒரு மயிரிழை வித்தியாசம் கிடையாது. வீணை சரியா நடுவுல, அந்தக் காலண்டர் மேல வந்து உக்காந்திருக்கு. இந்தப் பொருத்தம் வெளிநாட்டுப் பெட்டியிலகூட நான் கேட்டதில்ல."

வீரமலை காலண்டரை உற்றுப் பார்த்துவிட்டு, "ஆமா சார், இருக்கு," என்றார். மேஸ்திரி முறுக்கைக் கடித்துக்கொண்டிருந்தார்.

நவநீதனுக்கு உடம்பெல்லாம் குளிர்ந்தது. இரட்டைப் பிள்ளைகளின் வயிற்றில் ஏழரை லிட்டர் வித்தியாசம் இருக்கிறது என்பது அவர் ஒருவருக்குத்தான் தெரியும். தெரிந்தும், அந்தக் கணத்தில் தனக்கே வித்தியாசம் கேட்கவில்லை என்பதை மகிழ்ச்சியோடு கவனித்தார்.

இன்னும் ஐந்தாறு பாட்டு, ஒவ்வொன்றும் அரை நிமிஷம். ஒரு மணி நேரம் புகழ்மழை. கடைசியாக ஜோஸ், "பெட்டியைச் சுவத்துலேர்ந்து ஒரு சாண் முன்னாடி வச்சுப் பாத்துருவோம். அதோட தீர்ப்புச் சொல்லிறலாம்," என்றார்.

வாழ்நாள் முழுக்கப் பெட்டி தூக்கியவர் வீரமலை. சட்டென்று எழுந்து, இடது கையில் ஒன்று, வலது கையில் ஒன்று என்று இரண்டையும் ஒன்றாகத் தூக்கினார். தூக்கியவர் அப்படியே இடப்பக்கம் சரிந்து, சுவரில் தோளை முட்டி நின்றார்.

"அண்ணே."

"என்ன வீரமலை?"

"இது என்னண்ணே, ஒண்ணு மாட்டுக்கன்னு மாதிரி கனக்குது, இன்னொண்ணு ஆட்டுக்குட்டியா இருக்கு?"

எல்லோரும் நவநீதனைப் பார்த்தார்கள். நவநீதன் மேஸ்திரியைப் பார்த்தார். மேஸ்திரி ஜன்னலைப் பார்த்தார். வழக்கமாகக் கழுத்தறுக்கிற ரயில் அப்போது பார்த்து வரவில்லை.

நவநீதன் எல்லாவற்றையும் சொல்லிவிட்டார். பதிமூன்று, ஏழு, ஒன்பது. தையல், மிக்ஸி, பஞ்சர். பதினாறு, எட்டு, பத்து. பலகை மேல் பலகை.

சொல்லி முடித்த அடுத்த நொடி ஓர் அதிசயம் நடந்தது. நாலு பேருக்கும் காது கேட்கத் தொடங்கியது.

"நான் அப்பவே நெனச்சேன் சார்," என்றார் உஸாமா. "லெஃப்ட்ல ஒரு கஞ்சத்தனம் இருந்துச்சு."

"மூக்கடைச்ச மாதிரி," என்றார் ஜோஸ், அழுத்தமாக. "அந்த வீணை நடுவுல உக்காரவே இல்ல. கொஞ்சம் வலப்பக்கமா, பீரோ மேல உக்காந்திருந்தது. மரியாதைக்காகச் சொல்லல."

"பீரோ மேலதான்," என்றார் வீரமலை.

பிறகு ஒவ்வொரு பெட்டியையும் தனித்தனியாகக் கேட்டார்கள். முதலில் இடது. ஜோஸின் முகம் வேப்பெண்ணெய் குடித்ததைப் போல ஆயிற்று. அடுத்து வலது. அதே முகம் மெல்ல மெல்ல மலர்ந்தது. வீணையின் கீழ்த் தந்தி அடிவயிற்றிலிருந்து பேசியது. அரை நிமிஷம் தாண்டியும் கையைத் தூக்க மறந்துபோனார்.

"மேஸ்திரி, உங்களுக்கு எது?" என்றார் வீரமலை.

"ராஜயோகத்துக்கும் பகைக்கும் நடுவுல இதெல்லாம் ஒரு கேள்வியாய்யா?"

நாலு பேரும் வலதுதான். ஜோஸுக்கு மட்டும் ஒரு சங்கடம். பதிமூன்றரை லிட்டர்தான் சரி என்று சொல்கிற அந்த மென்பொருளை வட்டத்துக்கு அறிமுகம் செய்ததே அவர். பிறகு சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்தார்.

"மேஸ்திரி, அந்த நல்ல அளவெல்லாம் வரிசையா சொல்லுங்க. சும்மா, ஒரு ஆராய்ச்சிக்கு."

"ஆறு, எட்டு, பத்து, பதினொண்ணு, பதினாறு, பதினேழு."

ஜோஸ் உள்ளங்கையில் எழுதிக்கொண்டார். "எங்க வீட்டுல இருக்கறது பதினெட்டு."

"பதினெட்டா?" மேஸ்திரி முறுக்கைக் கீழே வைத்தார். "கைப்பொருள் தங்காதே. வீட்டுல அப்பப்ப சண்டை வருமே?"

"வரும்," என்றார் ஜோஸ். முப்பது வருஷம் இயற்பியல் சொல்லிக்கொடுத்தவரின் குரல் அது என்று யாரும் நம்ப மாட்டார்கள்.

"எனக்கும் ஒரு காப்பி அனுப்புங்க சார்," என்றார் உஸாமா.

அப்போது கதவு திறந்தது. இளவேனில் ஒரு தட்டு நிறைய ரவா கேசரியோடு வந்து நின்றார். பின்னால் கூடத்தில் ஆறு சட்டமும் சுவரில் சாய்ந்திருந்தன. ஞாயிற்றுக்கிழமை, பெண்கள் வரவில்லை. அவர் தட்டைக் கீழே வைக்கவில்லை.

"எல்லாரும் கேட்டாச்சா?"

"கேட்டாச்சும்மா," என்றார் ஜோஸ், உள்ளங்கையை மூடிக்கொண்டு.

"அப்ப சொல்லுங்க. முடிஞ்சிருச்சா?"

நவநீதன் ஜோஸின் மூடிய கையைப் பார்த்தார். ஆனால் தூய ஒலி வட்டத்தைக் குறைவாக எடைபோடக் கூடாது. ஒருவர் அறை பறிபோனால் நாளைக்கு இன்னொருவர் அறைக்கும் ஆபத்து. நாலு வீட்டிலும் நாலு இளவேனில்கள் இருக்கிறார்கள். வந்த நாலு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கக்கூட இல்லை.

"முடிஞ்சிருச்சு," என்றார் ஜோஸ்.

"முடிஞ்சே போச்சு அக்கா," என்றார் உஸாமா.

"இனிமே இதுல செய்யறதுக்கு ஒண்ணுமில்லக்கா," என்றார் வீரமலை.

மேஸ்திரி கடைசியாக வாயைத் திறந்தார். "முடிஞ்சுதும்மா. பால் காய்ச்சிறலாம்."

நாலு பேர். சொன்னது சொன்னபடி. இளவேனில் வடக்கு ஜன்னலை ஒரு தடவை பார்த்தார். வெளிச்சம் தரையில் பாய் விரித்தாற்போலக் கிடந்தது.

"சரி," என்றார். "பேச்சுப் பேச்சுதான். ரூம் உங்களுது. நான் ஹால்லயே பாத்துக்கறேன்." குரலில் கோபமில்லை. கோபம் இருந்திருந்தால் நவநீதன் தப்பித்திருப்பார். கேசரித் தட்டை மேசையில் வைத்துவிட்டுத் திரும்பினார்.

நவநீதன் பொய் சொல்லாதவர் அல்ல. அலுவலகத்தில் அவர் இதுவரை போட்ட மருத்துவ விடுப்பைக் கூட்டினால் ஒரு முழு மனிதன் செத்துப் பிழைத்துவிடலாம். மாமனார் வீட்டுக் காதுகுத்து நாளில் இவருக்குக் கட்டாயம் ஆடிட் வரும். இப்போதும் அவர் ஒரு வார்த்தை பேச வேண்டியதில்லை. பொய்யை நாலு பேர் பங்குபோட்டுச் சொல்லியாயிற்று. இவர் செய்ய வேண்டியதெல்லாம் வாயை மூடிக்கொண்டு கேசரி சாப்பிடுவதுதான்.

ஆனால் கண் போய் இடது பெட்டியில் நின்றது. அதற்குள் அடைபட்டுக் கிடக்கிற பதிமூன்றரை லிட்டரும், மேலே அப்பியிருக்கிற பலகைகளும் அவருக்கு மட்டும் கண்ணாடிப் பெட்டியில் தெரிவதைப் போலத் தெரிந்தன. மூக்கடைப்பு. வாழ்நாள் முழுக்க இதன் முன்னால் உட்கார வேண்டும். எட்டுக்கும் பத்துக்கும் புதுப் பலகை அறுத்தால்? ஒரே ஒரு பெட்டிதான். ஒன்றே ஒன்று.

"இளவேனில்," என்றார்.

ஜோஸ் மேசைக்கு அடியில் அவர் காலை மிதித்தார்.

"இல்ல… வலது முடிஞ்சிருச்சு."

"சார், கேசரி ஆறிப்போகுது சார்," என்றார் உஸாமா அவசரமாக.

"வலது பிரமாதமா வந்திருக்கு. இடதுதான்… இடதை மட்டும் பிரிச்சு, வேற அளவுல…"

இளவேனில் கதவருகே திரும்பி நின்றார். "அப்ப முடியல."

நவநீதன் நாலு பேரையும் பார்த்தார். நாலு பேரும் கேசரியில் முந்திரி தேடிக்கொண்டிருந்தார்கள்.

"முடியல," என்றார்.

"எவ்வளவு நாளாகும்?"

"இடது மட்டும்னா ஒரு மாசம். ஒன்றரைன்னு வச்சுக்க. ஆனா இடதை அப்படி மாத்தினதுக்கப்புறம் வலதுல ஒரு சின்ன…"

"போதும்ங்க," என்றார் இளவேனில். சிரிப்பை உதட்டுக்குள் மடித்து வைத்துக்கொண்டு, ஜோஸைப் பார்த்துச் சொன்னார்: "சாப்பிட்டுட்டு நாலு பேருமா அந்த மேசைய மட்டும் ஒரு கை பிடிச்சுக் குடுத்துருங்க சார். பால்கனியில போட்டுறலாம். ஒண்ணாம் தேதிக்கு இன்னும் நாலு நாள்தான் இருக்கு. நல்ல காரியத்தை எதுக்குத் தள்ளிப்போடணும்?"

பொய் சொன்ன குற்ற உணர்ச்சி கைகளுக்கு நல்ல பலம் தந்தது. வீரமலை ஒரு முனை, உஸாமா மறுமுனை, நடுவில் ஜோஸ், முன்னால் வழிகாட்ட மேஸ்திரி. ரம்பம், கிளாம்ப், பசை டப்பா, உப்புத்தாள் கட்டு எல்லாம் ஒரு பிளாஸ்டிக் கூடையில் பின்தொடர்ந்தன. கூடையைத் தூக்கிக்கொண்டு வந்தவர் நவநீதன். அவர்கள் பால்கனிக் கதவைத் தாண்டுவதற்குள், பின்னறையில் முதல் சட்டத்தை ஜன்னலடியில் நிறுத்திவிட்டார் இளவேனில். ரோஜா நிறம், கிளிப்பச்சை, மஞ்சள் என்று நூல்கண்டுகளை வெளிச்சத்தில் ஒவ்வொன்றாகத் தூக்கிப் பார்த்துக்கொண்டிருந்தார். ஆறு வருஷம் காத்திருந்தவர் ஆறு நிமிஷம்கூட வீணாக்கவில்லை.

மேசை பால்கனிக்குள் போகவில்லை. சுவருக்கும் கைப்பிடிக்கும் நடுவே முட்டிக்கொண்டு நின்றது. திருப்பிப் பார்த்தார்கள், சாய்த்துப் பார்த்தார்கள், வீரமலை தோளைக் கொடுத்து முக்கிப் பார்த்தார்.

"இளவேனில்!" என்று கூப்பிட்டார் நவநீதன், கடைசி நம்பிக்கையோடு. "ரெண்டு விரக்கடை கூடுதலா இருக்கு! உள்ள போகாது போலிருக்கே!"

உள்ளேயிருந்து, நூலிலிருந்து கண்ணை எடுக்காத குரல் வந்தது.

"அறுத்துக்கங்க. ஆறு வருஷமா அதைத்தானே கத்துக்கிட்டிருக்கீங்க."

நாலு பேரும் மேசையைப் பிடித்துக்கொண்டார்கள். நவநீதன் கூடையைக் கீழே வைத்து ரம்பத்தை எடுத்தார். மென்பொருளும் பார்க்கவில்லை, மேஸ்திரியையும் கேட்கவில்லை. சுவரில் கைவைத்து இரண்டு விரல் அளந்து, பென்சிலால் ஒரு கோடு போட்டு அறுத்தார். மேசை சுவருக்கும் கைப்பிடிக்கும் நடுவே, வார்த்து வைத்ததைப் போல உட்கார்ந்தது. அந்த வீட்டில் அவர் முழுசாகச் செய்து முடித்த முதல் வேலை அது. பாராட்டுவதற்கு நாலு பேர் பக்கத்திலேயே நின்றிருந்தும், ஒருவருக்கும் அது தோன்றவில்லை.